தாய்மார் பரிசோதனையும் குழந்தைத் தடுப்பூசியும்: சென்னையில் கை நழுவுவது எந்த இடத்தில்?

#1 வியாசர்பாடி_களம்

வணக்கம். வடசென்னையில் மூன்று வார்டுகளுக்கு ஒரு கேள்வித்தாள் தயார் செய்கிறோம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள அம்மாக்களிடம் கேட்கப் போகிறோம். கர்ப்பகாலப் பரிசோதனையையும் குழந்தைத் தடுப்பூசியையும் சிலர் கடைசிவரை எடுத்துக்கொள்கிறார்கள், சிலர் பாதியில் விடுகிறார்கள். ஏன் என்பதுதான் ஆய்வு.

வழக்கமான பட்டியல் கையில் இருக்கிறது: தாயின் வயது, படிப்பு, வீட்டு வருமானம், எத்தனையாவது குழந்தை, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், கணவர் என்ன வேலை. முன்னோட்டமாகக் கேட்டுப் பார்த்ததில் ஒன்றும் பிடிபடவில்லை. எல்லோரும் ஆஸ்பத்திரியில்தான் பெற்றிருக்கிறார்கள். எல்லோரும் "செக்கப் போனேன்" என்கிறார்கள். எல்லோரிடமும் தாய் சேய் நல அட்டை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆஸ்பத்திரிப் பிரசவம் 99 சதவீதத்தைத் தாண்டிவிட்டதால் இந்தக் கேள்விகளை வைத்து யாரையும் வேறுபடுத்திப் பார்க்க முடியவில்லை. களத்தில் இருப்பவர்கள், எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

#2 நகர_செவிலியர்

"செக்கப் போனீங்களா" என்று கேட்டால் யாருமே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். எந்த வாரத்தில், எந்த இடத்தில் என்று கேளுங்கள், அப்போதுதான் விஷயம் வரும்.

சென்னையில் ஒரு கர்ப்பிணி ஒரே இடத்தில் தொடர்ந்து பார்க்கப்படுவது அபூர்வம். மருந்துக்கடைக் கிட்டில் இரண்டு கோடு பார்ப்பது வீட்டில். உறுதி செய்ய முதலில் போவது தெருமுனைத் தனியார் கிளினிக். பதிவு செய்வது மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில். ஸ்கேன் வெளி சென்டரில். ஏழாம் மாதம் அம்மா வீடு. பிரசவம் எழும்பூர், கோஷா, ஆர்.எஸ்.ஆர்.எம். என்று ஏதாவது ஒரு பெரிய அரசு மகப்பேறு ஆஸ்பத்திரியில். ஊசி போடுவது மறுபடி வேறு நிலையத்தில். ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போகும்போதுதான் நழுவுகிறார்கள். ஒரே இடத்தில் இருக்கும்வரை பெரும்பாலும் ஒழுங்காகவே வருகிறார்கள். உங்கள் கேள்வித்தாள் முழுக்க அந்த மாறுகிற நேரங்களைச் சுற்றியே இருக்கட்டும் என்பேன்.

முதல் நழுவல் 12 வாரத்துக்குள் நடக்கிறது. "மூணு மாசம் முடியட்டும், அதுக்கப்புறம் வெளியே சொல்லலாம்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். கண்ணேறு படும், தங்காமல் போய்விடும் என்ற பயம். அந்த மூன்று மாதம் முடியும்போது 12 வாரக் கெடுவும் முடிந்துவிடுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு 12 வாரத்துக்குள் பதிவு வேண்டும். மொத்தம் 18,000 ரூபாய்: 14,000 பணமாக, மீதி 2,000 ரூபாய் மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகம் இரண்டு. தாமதமாகப் பதிந்தவருக்கு அந்தப் பணத்தை வாங்கித்தருவது கஷ்டம். பணம் வராது என்று தெரிந்ததும் "அப்புறம் எதுக்கு அங்கே போகணும்" என்று தனியாரிலேயே தங்கிவிடுவார்கள். கையில் காசு இருக்கும்போது மட்டும் செக்கப் நடக்கும்.

பணத்தை விடப் பெரிய நஷ்டம் வேறு இருக்கிறது. முதல் மூன்று மாதத்தில் தினமும் எடுக்க வேண்டிய 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் போய்விடும். கர்ப்பத்துக்கு முந்தைய நிலைக்குப் பக்கத்தில் ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது என்ற அடிப்படை அளவும் போய்விடும். ஏழாம் மாதத்தில் 140/90 காட்டினால், இது முன்பே இருந்ததா, இப்போது வந்ததா என்று சொல்ல முடியாமல் தவிக்க வேண்டியிருக்கும்.

பதிவில் சிக்குவது இன்னொன்று. ஆதாரில் அப்பா பெயர், வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயர், அல்லது கணக்கோடு ஆதார் இணைக்கப்படாமல் இருப்பது. கடைசி மாதவிலக்குத் தேதியைக் குத்துமதிப்பாகச் சொல்வதும் நடக்கும். அந்தத் தேதி தப்பினால் எல்லா வாரக் கணக்கும் தப்பும். அரசின் கர்ப்பிணிப் பதிவுத் தளமான பிக்மியில் 12 இலக்க ஆர்.சி.ஹெச். எண் (தாய்-சேய் பதிவு எண்) வந்ததா, எந்த மாதம் வந்தது என்பதைக் கட்டாயம் கேளுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் வேண்டும் என்பதால் கடைசி நேரத்தில், ஒன்பதாம் மாதத்தில், எண்ணுக்காக மட்டும் ஓடி வருபவர்களும் உண்டு. அவர்களும் "பதிவு செய்தவர்" கணக்கில்தான் வருவார்கள்.

#3 மகப்பேறு_எழும்பூர்

செவிலியர் மேடம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எத்தனை தடவை போனார்கள் என்பதற்கு அடுத்து, போனபோது என்ன செய்தார்கள் என்று கேட்க வேண்டும்.

நம் திட்டத்தில் குறைந்தது நான்கு பரிசோதனை: 12 வாரத்துக்குள் ஒன்று, 14 முதல் 26 வாரத்தில் ஒன்று, 28 முதல் 34-ல் ஒன்று, 36-க்கு மேல் ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2016-லிருந்து எட்டு தடவை என்கிறது. ஒவ்வொரு முறையும் எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சிறுநீரில் புரதமும் சர்க்கரையும், வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் கர்ப்பப்பையின் உயரம், குழந்தையின் இதயத் துடிப்பு. முதல் முறையில் ரத்த வகை, எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி. ஆறு தடவை போன அம்மாவின் அட்டையைத் திறந்தால் நான்கு தடவை எடையும் அழுத்தமும் மட்டும் எழுதியிருக்கும். ரத்தம், சிறுநீர் கட்டம் காலியாக இருக்கும்.

ஏன் காலி? சர்க்கரைப் பரிசோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் சரி. இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து, 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றோடு வரச் சொல்லி அலைக்கழிக்காத இந்த ஒற்றை முறைக்காக வாதாடி நிலைநிறுத்தியவர் நம் சென்னையின் பேராசிரியர் வி. சேஷையா. அவர் பிறந்த நாளான மார்ச் 10-ஐ இந்தியாவில் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். இவ்வளவு எளிதாக்கியும் அந்த இரண்டு மணி நேரம் தடையாகிறது. உட்கார நாற்காலி இல்லை. வீட்டு வேலைக்குப் போகிறவர் பதினோரு மணிக்கு அடுத்த வீட்டில் இருந்தாக வேண்டும். மூத்த குழந்தையை அங்கன்வாடியிலிருந்து கூட்டி வர வேண்டும். குடித்துவிட்டுக் கிளம்பிப் போகிறார்கள், மூன்று மணி நேரம் கழித்து வருகிறார்கள், அந்த அளவுக்கு அர்த்தம் இல்லை. குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு நாள் மறுபடி செய்ய வேண்டும். பலர் அந்த இன்னொரு நாளுக்கு வருவதில்லை. முதல் முறை சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்தில் திரும்பச் செய்ய வேண்டும் என்பது இன்னும் அதிகமாக விட்டுப்போகிறது.

"இரண்டு மணி நேரம் உங்களால் அங்கே உட்கார முடிந்ததா? எங்கே உட்கார்ந்தீர்கள்? அன்று சம்பளம் பிடித்தார்களா?" இந்த மூன்றையும் கேளுங்கள். வருமானம் எவ்வளவு என்பதைவிட அதிகம் தெரிந்துகொள்வீர்கள்.

#4 கோடம்பாக்கம்_அப்பா

எனக்கென்னவோ படிப்புதான் அடிப்படை என்று படுகிறது. படித்த அம்மா எப்படியும் போய்விடுவார். விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினால் போதும்.

#5 புள்ளி_விவரம்

படிப்புக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு உண்டு சார், எல்லா ஆய்விலும் வரும். ஆனால் தமிழ்நாட்டின் எண்கள் உங்கள் வாதத்தை நேராக மறுக்கின்றன.

தேசியக் குடும்பநல ஆய்வின் மூன்றாம் சுற்றில், 2005-06-ல், 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் முழுமையாகத் தடுப்பூசி பெற்றவர்கள் தமிழ்நாட்டில் சுமார் 81 சதவீதம். அன்று நாட்டிலேயே முன்னணி. பத்து ஆண்டு கழித்து நான்காம் சுற்றில், 2015-16-ல், அது சுமார் 70-க்கு இறங்கியது. ஐந்தாம் சுற்றில், 2019-21-ல், சுமார் 89-க்கு ஏறியது. அந்தப் பத்து ஆண்டில் பெண்களின் படிப்பு கூடியது, வருமானம் கூடியது, ஆஸ்பத்திரிப் பிரசவம் கூடியது. தடுப்பூசி மட்டும் குறைந்தது. அம்மாக்களின் அறிவு குறைந்துவிட்டதா என்ன?

இடையில் நடந்ததைப் பாருங்கள். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் கிராமம் கிராமமாகப் போய் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் நிலையத்துக்கு வரச் சொல்லும் முறைக்கு மாநிலம் மாறியது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவு, அதன் நியாயம் புரிகிறது. ஆனால் அங்கன்வாடிவரை வந்த ஊசிக்கு இப்போது அம்மா பஸ் ஏற வேண்டியதாயிற்று. சரிவுக்கு இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஊசி எங்கே கிடைக்கிறது என்பதை மாற்றினால் எண்ணும் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

கேள்வித்தாளுக்கு ஒரு திருத்தம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளை எடுத்தால் ஒன்பதாம் மாத ஊசிக்கே இன்னும் வயது வராத குழந்தைகள் நிறைய வரும். 12 முதல் 23 மாதம் எடுங்கள். பூஸ்டர் வேண்டுமென்றால் 24 முதல் 35 மாதக் குழந்தைகளைத் தனிக் குழுவாக வையுங்கள். அட்டையைப் பார்த்து எழுதியதா, அம்மா வாயால் சொன்னதா என்பதற்கு ஒவ்வொரு ஊசிக்கும் தனிக் கட்டம் வேண்டும். இரண்டையும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

#6 மதுரவாயல்_அக்கா

ஏழாம் மாதம் பற்றி யாராவது விரிவாகச் சொல்லுங்கள். வளைகாப்பு முடிந்து அனுப்புவதைக் கேள்வித்தாளில் எப்படிக் கொண்டுவருவது?

#7 நகர_செவிலியர்

அக்கா, அதுதான் பெரிய நழுவல். தலைப்பிரசவம் என்றால் வளைகாப்பு முடிந்த கையோடு அம்மா வீடு. 28 முதல் 34 வாரம், அதாவது மூன்றாவது பரிசோதனைக் காலம், சரியாக அந்த நேரத்தில் வருகிறது. அழுத்தம் ஏறுவதும், ரத்தம் குறைவதும், சர்க்கரை தலைகாட்டுவதும் அப்போதுதான். புளியந்தோப்பிலிருந்து விழுப்புரம் போன பெண்ணை இங்கே "வரவில்லை" என்று எழுதுவார்கள். அங்கே "இவர் நம்ம ஏரியா இல்லை" என்பார்கள். ஆர்.சி.ஹெச். எண்ணைச் சொன்னால் அங்குள்ள செவிலியர் விவரத்தை எடுத்துப் பார்க்கலாம். எண் அட்டையில் இருக்கிறது, அட்டை மாமியார் வீட்டு பீரோவில் இருக்கிறது.

கிளம்பும்போது பையில் இருக்க வேண்டியவை: தாய் சேய் நல அட்டை, ரத்த வகைச் சீட்டு, 18 முதல் 20 வார ஸ்கேன் ரிப்போர்ட், எச்.ஐ.வி.-ஹெபடைடிஸ் முடிவு, சர்க்கரை முடிவு, குறைந்தது ஒரு மாதத்துக்கான இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும். ரத்த வகைச் சீட்டு இல்லாமல் போய், நெகடிவ் ரத்தம் என்பது பிரசவ அறையில் தெரிய வந்தால் அத்தனை பேருக்கும் பதற்றம்.

திரும்பி வருவதும் அதே சிக்கல்தான். மூன்றாம் மாதம் அல்லது ஐந்தாம் மாதம், ஒற்றைப்படையில் அழைத்து வருவார்கள். குழந்தைக்கு 6 வாரம், 10 வாரம், 14 வாரம் ஊசி. 6-வது வாரம் அம்மா வீட்டில் நடந்துவிடும். 10-ம் 14-ம் பயணத்தில் மாட்டிக்கொள்ளும். "புகுந்த வீட்டுக்குப் போனதும் போட்டுக்கலாம்" என்று இங்கேயும், "அங்கேயே போட்டிருப்பாங்க" என்று அங்கேயும் நினைப்பார்கள். எனவே கேள்வி இப்படி இருக்கட்டும்: "குழந்தை எந்த வாரத்தில் எந்த வீட்டில் இருந்தது?" ஒரு கோடு போட்டு வாரங்களைக் குறித்து, மேலே வீடு, கீழே ஊசி என்று எழுதுங்கள். ஓட்டை எங்கே விழுந்தது என்று பார்த்ததும் தெரியும்.

#8 குளிர்சங்கிலி

தடுப்பூசி வைக்கும் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம். அம்மா குழந்தையோடு வந்து நின்ற பிறகும் போடாமல் அனுப்புவது, வராமல் போவதற்குச் சமமாகப் பெரியது. வழக்கமான கேள்வித்தாள்களில் இது வருவதே இல்லை.

காசநோய்க்கான பி.சி.ஜி., தட்டம்மை-ரூபெல்லாவுக்கான எம்.ஆர். இரண்டும் பொடியாக வரும், கூடவே வரும் திரவத்தில் கரைக்க வேண்டும். ஒரு குப்பியில் பல டோஸ். கரைத்த பிறகு நான்கு மணி நேரம்தான், அதற்குப் பிறகு மீதியைக் கொட்டிவிட வேண்டும். புதன்கிழமை நிறைய குழந்தைகள் வருவதால் பிரச்சினை இல்லை. வேறு நாளில் ஒரே ஒரு குழந்தை வந்தால் "குப்பி வீணாகும், புதன் வாங்க" என்கிறார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. ஒரு குழந்தைக்காகவும் திறக்கலாம், திறக்க வேண்டும். வீணாகும் குப்பியின் விலை, விட்டுப்போன தட்டம்மை ஊசியின் விலைக்குப் பக்கத்தில் வராது. ஐந்து நோய்க்கான பென்டா, நிமோனியாவுக்கான பி.சி.வி., போலியோ ஊசியான ஐ.பி.வி., போலியோ சொட்டு மருந்து ஆகியவற்றின் கதை வேறு. 2 முதல் 8 டிகிரியில் வைத்து, குப்பி மேல் உள்ள வெப்பக் குறி சரியாக இருந்தால், திறந்த தேதி எழுதி 28 நாள்வரை பயன்படுத்தலாம். அந்தக் குறியில் வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருக்க வேண்டும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டாலோ அதைவிடக் கறுத்துவிட்டாலோ எடுக்கக் கூடாது.

இதே சிக்கல் சின்ன நர்சிங் ஹோம்களிலும். பிறந்ததும் போட வேண்டிய மூன்றில் ஹெபடைடிஸ் பி 24 மணி நேரத்துக்குள், சொட்டு மருந்து 15 நாளுக்குள், பி.சி.ஜி. பிறந்ததும், முடியாவிட்டால் ஒரு வயதுக்குள். ஒரு குழந்தைக்காக பி.சி.ஜி. திறக்காமல் "பிறகு எங்கேயாவது போட்டுக்கோங்க" என்று டிஸ்சார்ஜ் செய்வது நடக்கிறது.

இரண்டாவது, சளி. லேசான சளி, இருமல், வயிற்றுப்போக்கு, குறைமாதத்தில் பிறந்தது, எடை குறைவு, எதுவும் ஊசியைத் தள்ளிப்போடக் காரணம் அல்ல. அதிகக் காய்ச்சலோடு குழந்தை துவண்டிருந்தால்தான் காத்திருக்கலாம். "ஊசிக்குப் போய்ப் போடாமல் திரும்பினீர்களா, யார் என்ன சொன்னார்கள்" என்ற கேள்வியைக் கண்டிப்பாக வையுங்கள்.

#9 தண்டையார்பேட்டை_22

ஆறாவது வாரம் மூணு ஊசி ஒரே நாள்ல போடறாங்க. வீட்ல பயப்படறாங்க. பிரிச்சுப் போடச் சொல்லலாமா? காய்ச்சல் வந்தா என்ன பண்றது?

#10 குழந்தைநலம்

பிரிக்க வேண்டாம் தம்பி. பிரித்தால் குழந்தை இரண்டு நாள் அழும், அம்மா இரண்டு தடவை வர வேண்டும், இரண்டாவது தடவை பெரும்பாலும் வராது. இடது தொடையில் பென்டா, வலது தொடையில் பி.சி.வி., வலது கையில் தோலுக்குள் 0.1 மில்லி ஐ.பி.வி. வாயில் வயிற்றுப்போக்குக்கான ரோட்டா, போலியோ இரண்டு சொட்டு. ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

வீட்டில் முடிவு எடுக்கப்படுவது ஊசி போட்ட அன்று ராத்திரி. இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். பென்டா போட்ட அன்று காய்ச்சல் வருவதும், தொடை வீங்கிச் சிவப்பதும், குழந்தை சிணுங்குவதும் சகஜம். ஒரு நாள், இரண்டு நாளில் அடங்கும். முன்கூட்டியே சொல்லாமல் அனுப்பினால், விடிய விடிய அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் மாமியார், "நல்லா இருந்த பிள்ளையைக் கெடுத்துட்டாங்க" என்று சொல்வதில் என்ன தப்பு? அடுத்த ஊசிக்கு அவர் சம்மதம்தான் வேண்டும். ஆகவே செவிலியர் நான்கு விஷயம் சொல்ல வேண்டும்: இன்று என்ன போட்டோம், என்ன தொந்தரவு வரலாம், அடுத்தது எந்தத் தேதி, அட்டையைப் பத்திரமாக வைத்துக் கொண்டு வாருங்கள். கூட வந்த பெரியவரையும் பார்த்துச் சொல்ல வேண்டும். அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைக்க வேண்டும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மருத்துவரோ செவிலியரோ சொன்ன அளவு மட்டும், சுயமாகக் கொடுக்க வேண்டாம். ஆபத்து எங்கே என்றால், பாராசிட்டமால் சொட்டு மருந்துப் புட்டியில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம், சிரப்பில் ஐந்து மில்லியில் 125. 4.5 கிலோ குழந்தைக்கு சிரப் 2 மில்லி என்றால் 50 மில்லிகிராம், சரியான அளவு. அதே 2 மில்லியைச் சொட்டு மருந்தில் கொடுத்தால் 200 மில்லிகிராம், நான்கு மடங்கு. மருந்துக்கடையில் புட்டி மாறினால் அளவும் மாற வேண்டும். அட்டையில் மருந்தின் பெயரோடு எந்தப் புட்டி, எத்தனை மில்லி என்று எழுதி வாங்குங்கள். வீக்கத்தின் மேல் எண்ணெய், மஞ்சள் எதுவும் தடவ வேண்டாம். மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாத அழுகை, வலிப்பு, பால் குடிக்காமல் துவள்வது என்றால் உடனே ஆஸ்பத்திரி, 108.

பி.சி.ஜி. போட்ட இடத்தில் சில வாரம் கழித்துக் கொப்புளம் வந்து உடைந்து தழும்பாகும். "புண் வெச்சிடுச்சு" என்று பயந்து அடுத்த ஊசிக்கு வராமல் இருக்கும் வீடுகள் உண்டு. அது ஊசி வேலை செய்வதன் அடையாளம், பிதுக்காமல் விட்டால் போதும்.

#11 ஓஎம்ஆர்_ஓரம்

பெரும்பாக்கம், கண்ணகி நகர், செம்மஞ்சேரி பற்றியும் சொல்லியாக வேண்டும். கூவம், அடையாறு ஓரங்களிலிருந்து குடிபெயர்க்கப்பட்ட குடும்பங்கள். பிரசவத்துக்கு நினைவில் இருப்பது கோஷா அல்லது எழும்பூர், ஏனென்றால் அவர்கள் அம்மா, அத்தை எல்லோரும் அங்கே பெற்றவர்கள். 2021 மே மாதத்திலிருந்து மாநகரச் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. செலவு குறைந்தது, நேரம் குறையவில்லை. கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறிப் போய் வந்தால் ஒரு நாள் கூலி போகும். ஆதாரில் இன்னும் பழைய முகவரி. பதிவு பழைய நிலையத்தில், வீடு புதிய இடத்தில், இரண்டு செவிலியர் பட்டியலிலும் பெயர் இல்லாமல் விழுபவர்கள் இருக்கிறார்கள். "எத்தனை கிலோமீட்டர்" என்று கேட்பதை விட்டுவிட்டு, "போய், காத்திருந்து, திரும்பி வர மொத்தம் எத்தனை மணி நேரம்" என்று கேளுங்கள்.

வெளிமாநிலத் தொழிலாளர் குடியிருப்புகளும் இருக்கின்றன. படூர், சிறுசேரி பக்கம் கட்டட வேலைக்கு ஒடிசா, பீகார், மேற்கு வங்கத்திலிருந்து வந்த குடும்பங்கள். ஊசிக்கு முகவரிச் சான்று தேவையில்லை, எந்த மாநில அட்டையும் செல்லும். இது அந்த அம்மாவுக்குத் தெரியாது, சில நேரம் பதிவு மேசையில் இருப்பவருக்கும் தெரியாது. ஒரு கட்டடம் முடிந்ததும் அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள், 4 வார இடைவெளிக்குள்ளேயே. மேஸ்திரியின் போன் எண்ணை வாங்கி வைக்கும் செவிலியர்தான் அவர்களைப் பிடிக்கிறார். இப்போது நாடு முழுவதுக்குமான தடுப்பூசிப் பதிவுத் தளமான யு-வின்னில் பதிந்தால் எந்த ஊரில் போட்டதும் தெரியும், ஆனால் சிம் மாற்றினால் ஓ.டி.பி. வராது.

#12 கோடம்பாக்கம்_அப்பா

புள்ளி விவரம் சார் சொன்ன எண்களைப் பார்த்த பிறகு என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ஆனால் வசதியான வீடுகளில் எல்லாம் சரியாக இருக்கிறதா?

#13 குழந்தைநலம்

இல்லை. அங்கே வேறு வகை ஓட்டை. தனியாரில் ஆறு நோய்க்கான ஒரே ஊசி, வலி குறைந்தது என்று போடுவார்கள். நல்ல ஊசிதான். ஆனால் விலை அதிகம் என்பதால் இரண்டாவதைச் சம்பளம் வந்ததும், மூன்றாவதைப் போனஸ் வந்ததும் என்று தள்ளுகிறார்கள். பாதியில் அரசு நிலையத்துக்கு மாறத் தயங்குகிறார்கள். தாராளமாக மாறலாம். முதல் டோஸ் தனியாரில் போட்டிருந்தால் இரண்டாவதை அரசு நிலையத்தில் பென்டாவாகப் போடலாம், கூடவே ஐ.பி.வி. தனியாகப் போடுவார்கள். புத்தகத்தைக் கொண்டு போனால் போதும்.

தனியார் புத்தகத்தில் இருப்பது பிக்மியில் ஏறுவதில்லை என்பது மற்றொரு தலைவலி. ஊசி போட்டிருந்தும் "விட்டுப்போனவர்" பட்டியலில் பெயர் வரும், மகப்பேறு உதவித் தவணையும் நிற்கும். ஒவ்வொரு டோஸுக்குப் பிறகும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஏரியா செவிலியருக்கு அனுப்பிவிடுங்கள்.

#14 மகப்பேறு_எழும்பூர்

இரும்புச்சத்து மாத்திரையை யாரும் தொடவில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு ரத்தசோகை. மாத்திரை கிடைக்கவில்லை என்பதில்லை. கொடுத்ததை முழுங்குவதில்லை.

நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், 180 நாள். பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள், இதை அநேகமாக யாரும் தொடர்வதில்லை. நிறுத்தக் காரணம் குமட்டல், மலச்சிக்கல், கறுப்பாகப் போவது. "குழந்தை கறுப்பா பொறக்கும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கறுப்பாகப் போவது மாத்திரையின் மீதி இரும்பு, குழந்தையின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நல்லது. டீ, காபி ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் வேண்டாம். கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் ஏறாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம் சாப்பாட்டோடு, காலை, மதியம். இரும்பு ராத்திரி. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் டோஸ் இரட்டிப்பு, அப்படியும் ஏறவில்லை என்றால் இரத்த நாளத்தில் இரும்பு ஊசி. 7-க்குக் கீழே என்றால் பெரிய ஆஸ்பத்திரி.

"எத்தனை மாத்திரை கொடுத்தார்கள்" என்று கேட்காதீர்கள். மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்லி மீதி மாத்திரையை எண்ணுங்கள்.

#15 நகர_செவிலியர்

கடைசி நழுவல் 14 வாரத்துக்கும் 9 மாதத்துக்கும் நடுவில். கிட்டத்தட்ட ஐந்தரை மாதம் ஊசியே இல்லை. அம்மா வேலைக்குத் திரும்பியிருப்பார், வீடு மாறியிருப்பார், போன் எண் மாறியிருக்கும். 9 மாதம் முடிந்ததும் எம்.ஆர்., பி.சி.வி. பூஸ்டர், மூன்றாவது ஐ.பி.வி., வைட்டமின் ஏ ஒரு மில்லி. மகப்பேறு உதவியின் கடைசித் தவணை இதோடு முடிச்சுப் போடப்பட்டிருப்பதால் ஓரளவு வந்துவிடுகிறார்கள். அந்தப் பணம் வந்த பிறகு 16 முதல் 24 மாதத்தில் போட வேண்டிய எம்.ஆர். இரண்டாவது, தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னிக்கான டி.பி.டி. பூஸ்டர், சொட்டு மருந்து ஆகியவற்றுக்கு இழுக்க ஒன்றும் இல்லை. "ஒன்பதாம் மாச ஊசியோட எல்லாம் முடிஞ்சுது" என்பது பரவலான நம்பிக்கை.

2017 பிப்ரவரியில் எம்.ஆர். முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளால் எத்தனை பள்ளிகளில் பெற்றோர் மறுத்தார்கள் என்பது இங்கே பலருக்கும் நினைவிருக்கும். அந்தச் சந்தேகத்தின் மிச்சம் இன்னும் எம்.ஆர். பெயரோடு ஒட்டியிருக்கிறது. யார் சொன்ன பேச்சை நம்புகிறார்கள் என்றும் ஒரு கேள்வி வையுங்கள்.

விட்டுப்போனவர்களுக்கு ஒரு வார்த்தை: முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து, 4 வார இடைவெளியில் தொடரலாம். ஒரு வயதுக்குள் ஒரு பென்டாவாவது போட்டிருந்தால் மீதியும் பென்டாதான். ஒன்றுகூடப் போடாமல் ஒரு வயது தாண்டினால் டி.பி.டி. எம்.ஆர். ஐந்து வயதுவரை போடுவார்கள். "லேட்டாயிடுச்சு, திட்டுவாங்க" என்று பயந்தே வராமல் இருப்பவர்கள் நிறைய. திட்டு வாங்கிய அனுபவம் உண்டா என்று தனியாக, பக்குவமாகக் கேளுங்கள்.

#16 வியாசர்பாடி_களம்

எல்லோருக்கும் நன்றி. 12-23, 24-35 மாதம் என்று இரண்டு குழு. முதல் பதிவின் வாரமும் இடமும், ஆர்.சி.ஹெச். எண் வந்த மாதம், வீடு-ஊசி வாரக் கோடு, போடாமல் திருப்பி அனுப்பப்பட்டது, போய்வர மொத்த நேரமும் பிடிபட்ட கூலியும், ஊசி ராத்திரி வீட்டில் யார் என்ன சொன்னார்கள், மீதி மாத்திரை எண்ணிக்கை, இவை சேர்கின்றன. படிப்பும் வருமானமும் கடைசிப் பக்கத்துக்குப் போகின்றன. களத்துக்குப் போகும் நாள், நேரம் பற்றி ஏதாவது உண்டா?

#17 நகர_செவிலியர்

செவ்வாயும் புதனும் காலையில் போகாதீர்கள். செவ்வாய் தாய்மார் பரிசோதனை, புதன் தடுப்பூசி. ஒழுங்காக வருபவர்கள் அன்று எங்களிடம் இருப்பார்கள், வீட்டில் இருப்பவர்களை மட்டும் கேட்டுவிட்டு நிலைமை மோசம் என்று எழுதுவீர்கள். மற்ற நாள் பகலில் மட்டும் போனால் வேலைக்குப் போகும் அம்மாக்கள் ஒருவர்கூட வர மாட்டார்கள், அப்போது நிலைமை பிரமாதம் என்று எழுதுவீர்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல், வார நாளில் மாலை ஆறு மணிக்கு மேல், இரண்டும் கட்டாயம் வேண்டும். பூட்டியிருக்கும் வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டைச் சேர்க்காதீர்கள், மூன்று தடவையாவது திரும்பிப் போங்கள். ஊசி ராத்திரி யார் என்ன சொன்னார்கள் என்ற கேள்வியை மாமியார் பக்கத்தில் இல்லாதபோது அம்மாவிடமும், பிறகு மாமியாரிடமே தனியாகவும் கேளுங்கள். எந்த வீட்டிலாவது ஊசி விட்டுப்போயிருப்பது தெரிந்தால் குறித்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். அடுத்த புதன் தேதியை அட்டையிலேயே எழுதி, நிலையத்தின் பெயரையும் சொல்லிவிட்டு வாருங்கள்.